பிழையில்லாத தாள்

மஞ்சக்குட்டையில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் மோட்டாரும் காபிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மெஷினும் பார்த்த எலக்ட்ரீஷியன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. யாரிடமும் கூலி வாங்கியதில்லை. ஒரு டம்ளர் காபி கொடுத்தால் குடிப்பேன், சர்க்கரை இல்லாமல்.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் நேற்று நான் சொல்லச் சொல்ல அவர் ‘ரேடியோ டெலிபோன்’ என்று எழுதினார். நான் சொன்னது ரேடியோ டெலிடைப். தவறாக எழுதியதைப் பார்த்துக்கொண்டு என்னால் கையெழுத்துப் போட முடியாது.

என் பெயர் லூர்துராஜ். வயது அறுபத்து மூன்று. என்னிடம் ஒரு சிற்றலை ரேடியோ இருக்கிறது. பாட்டும் செய்தியும் கேட்பதற்கு அல்ல. சிற்றலையில் ஆள் குரல் இல்லாத இடங்களில் பூச்சி கத்துவதுபோல ஓர் ஒலி வரும். மேலே ஒரு சுருதி, கீழே ஒரு சுருதி, இரண்டும் மாறி மாறி மிக வேகமாக. தெரியாதவர்கள் ஏதோ கோளாறு என்று தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஒலியை ஒரு வயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்க வேண்டும். குமிழை மயிரிழை அளவு திருப்பி, இரண்டு சுருதியும் திரையிலுள்ள இரண்டு கோடுகளின் மேல் சரியாக உட்காரும்படி வைக்க வேண்டும். வைத்துவிட்டால் எழுத்து வரும். ஒவ்வொன்றாக, தட்டச்சு அடிப்பதுபோல வரும்.

நான் பிடிப்பது வடகடல் ஓரத்து நாடொன்றிலிருந்து கப்பல்களுக்காக அனுப்பப்படும் வானிலை அறிக்கை. காற்று எந்தத் திசை, அலை எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்வரை கண்ணுக்குத் தெரியும் என்றெல்லாம் இருக்கும். நான் கடலையே நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறேன். என் மனைவி மரியபுஷ்பம் ஒருநாள் கேட்டாள், “ஏனுங்க, அங்க மழ பேஞ்சா நம்மளுக்கு என்னாங்க?” நியாயமான கேள்விதான். நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு செய்தி வந்து என் கொல்லையில் கட்டிய கம்பியில் விழுகிறது. அதை ஒழுங்காக வாங்கிக்கொள்வது மரியாதை என்று நினைக்கிறேன்.

ஒழுங்காக என்றால் பிழையில்லாமல். இதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே தட்டுதான். இனி வருவது எண், இனி வருவது எழுத்து என்று இடையிடையே ஒரு சைகை வரும். அந்த நேரம் பார்த்து ஓர் இரைச்சல் குறுக்கிட்டால் சைகை தவறிப்போகும், அந்த வரி முழுவதும் எழுத்துக்குப் பதிலாக எண்களாகக் கொட்டும். அறிக்கை நாற்பது நிமிஷம் ஓடும். ஒன்பது வருஷமாகப் பிடிக்கிறேன், ஓர் எழுத்துகூடத் தவறாத முழு அறிக்கை எனக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை. மிகக் குறைந்தது நான்கு பிழை. அது மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு புனித வெள்ளி.

ஏற்காடு ஊருக்குள் இருந்தவரை இரைச்சல்தான் பெரிய தொல்லை. லாட்ஜ் பலகைகள், டிரான்ஸ்பார்மர், பக்கத்து வீட்டு டிவி. எங்கள் வீட்டிலும் மிக்ஸி எந்தெந்த நேரம் போடலாம் என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருந்தேன். மரியபுஷ்பம் அதை மீறியதே இல்லை. பிறகு ஓசூரில் இருக்கும் மகள் ஆன்மேரியிடம் போய்விட்டாள். மலைக் குளிர் முட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். போய் ஆறு வருஷம் ஆகிறது, முட்டி இன்னும் சரியாகவில்லை போலும்.

அதற்குப் பிறகுதான் மஞ்சக்குட்டைக்கு வந்தேன். காபிச் செடிக்கு நடுவே ஒரு சின்ன வீடு. வந்த முதல் வாரமே கையடக்க ரேடியோ ஒன்றைக் காதருகில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். கிரிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்தார்கள். எந்த வீட்டுப் பக்கம் இரைச்சல் கூடுகிறதோ அந்த வீட்டில் கோளாறு. ராணி கடை ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி, என் செலவில் வேறு வாங்கி வைத்தேன். ஜீப் ஓட்டும் வெங்கடேஷ், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாங்கிய சீரியல் லைட்டை வீட்டு வாசலிலேயே மாதக்கணக்கில் எரியவிட்டிருந்தான். மழையில் ஷார்ட் ஆகிவிடும் என்று சொல்லிக் கழற்றினேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஒரு வருஷத்தில் ஊரே அமைதியாகிவிட்டது.

பொன்னுவேல் வீடு என் ஜன்னலிலிருந்து நாற்பதடி. அவனுக்கு நாற்பத்தேழு வயது. சாமையும் ஆரஞ்சும் வைத்துப் பிழைத்தவன், இடையில் பதினாலு வருஷம் கீழே சேலம் பக்கம் கல் கிரஷரில் வேலைக்குப் போனான். தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவான். மனைவி புஷ்பலதா எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போவாள், மாலை ஐந்துக்குத் திரும்புவாள். மகள் தீபிகா சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். என்னை அவன் அண்ணா என்பான், அந்தப் பெண் பெரியப்பா என்பாள்.

போன செப்டம்பரில் எங்கள் சர்ச்சைச் சேர்ந்த சிலர் அவனுக்கு ஆக்சிஜன் மெஷின் ஒன்று ஏற்பாடு செய்தார்கள். காற்றை உள்ளே இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் ஓடுவதற்கு ஓர் இன்வெர்ட்டர், அதுவும் போனால் ஒரு சிலிண்டர். எல்லாம் நன்றாக யோசித்துத்தான் செய்திருந்தார்கள். அதற்குப் பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தது நான்தான். புஷ்பலதா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கோணுமுங்கண்ணா” என்றாள்.

அன்று மாலை ரேடியோவைப் போட்டேன். சிக்னலே இல்லை. மெஷினின் இரைச்சல் மட்டும் இருந்தது. அதற்குள் ஒரு வால்வு சில வினாடிகளுக்கு ஒருமுறை திறந்து மூடும், ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு வரி எண்களாகக் கொட்டியது.

நான் உடனே எதுவும் செய்துவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மெஷின் வயரில் இரும்பு வளையம் மாட்டினேன். தனியாக எர்த் போட்டேன். கம்பியை வேறு மரத்துக்கு மாற்றினேன். மூன்று வாரம் முயன்றேன். ரேடியோ மீட்டரில் இரைச்சல் ஒன்பதிலிருந்து ஏழுக்கு வந்தது, அதற்குமேல் இறங்கவில்லை. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் இரைச்சல் போடும் ரகம். அதனால் அதை முதலில் எடுத்தேன். பேட்டரி வீங்கியிருக்கிறது, ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்றேன். என் மேஜைக்குக் கீழேதான் இருந்தது. தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

பிறகு மெயின் சுவிட்ச். அது வீட்டுக்குள் ஒழுகும் சுவரில் இருந்தது, ஆபத்து. வெளிச்சுவருக்கு, என் வீட்டைப் பார்த்த பக்கத்துக்கு மாற்றினேன். மேலே தகரப் பெட்டி போட்டேன். பிள்ளைகள் யாராவது கை வைத்துவிடக் கூடாது என்று பெட்டிக்குப் பூட்டும் போட்டேன். சாவியை நான் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

அறிக்கை நம் நேரத்துக்கு மூன்றரைக்குத் தொடங்கும். மூன்று இருபத்தெட்டுக்குப் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கிவிட்டு வருவேன். முதல் வாரம் இருபது நிமிஷம்தான். ஒரு மனிதன் கக்கூஸ் போய்வரும் நேரம், அதற்கு டாக்டரே மெஷினைக் கழற்ற அனுமதித்திருக்கிறார். ஆனால் இருபது நிமிஷத்தில் பாதி அறிக்கைதான் வரும். பாதி அறிக்கையை என்ன செய்வது? அடுத்த வாரத்திலிருந்து நாற்பது நிமிஷம் ஆக்கினேன். என் வீட்டு மெயினையும் அதே நேரம் அணைத்துவிடுவேன். ரேடியோவும் லேப்டாப்பும் பேட்டரியில் ஓடும். அந்த விஷயத்தில் நான் பாரபட்சம் காட்டியதில்லை.

கரண்ட் போனதும் பொன்னுவேல் வாசற்படிக்கு வந்து உட்காருவான். அங்கே கொஞ்சம் காற்று வரும்.

“ஏனுங்கண்ணா, உங்கூட்லயும் கரண்டு இல்லீங்களா?”

“இங்கயும் இல்ல பொன்னுவேலு. எங்கியாச்சும் லைன் மேல மரம் சாஞ்சிருக்கும்.”

“டெய்லி இந்நேரத்துக்குத்தான் சாயுதுங்க.”

சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். “சிலிண்டரத் தொறந்துக்க, பேசாத” என்பேன். “சரிங்கண்ணா” என்று உள்ளே போவான். நான் பொய் சொல்லவில்லை. என் வீட்டிலும் கரண்ட் இல்லைதான்.

இருபத்திரண்டு நாள் இப்படி நடந்தது. பிழைகள் பதினொன்று, எட்டு, ஆறு என்று குறைந்தன. ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதினேன். நேரம், இரைச்சல் அளவு, பிழை எண்ணிக்கை. மறுநாளுக்கு வேண்டிய கட்டங்களை முந்தின நாளே கோடு போட்டு, நேரத்தையும் எழுதி வைத்துவிடுவேன். எஸ்டேட்டில் மோட்டாருக்கு நோட்டு எழுதிய பழக்கம்.

இந்த விவகாரத்தில் நடந்த ஒரே தவறு சிலிண்டர்தான். மாதக் கணக்கில் வரவேண்டியது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. தினமும் இவ்வளவு நேரம் திறக்க வேண்டியிருக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

நவம்பர் இரண்டாவது வியாழக்கிழமை. மாலை ஐந்துக்குப் புஷ்பலதாவின் சத்தம் கேட்டு ஓடினேன். வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தான். மூக்கில் குழாய் இருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. வெங்கடேஷ் ஜீப்பை எடுத்தான். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஏற்காட்டில் பார்த்துவிட்டு, சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தலை உருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும் நான்தான் வெங்கடேஷிடம் மெதுவாகப் போகலாம் என்றேன். அதற்குமேல் அவசரம் இல்லை. புஷ்பலதா அப்போதும் அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தம்பி ஐயாக்கண்ணு குடும்பத்தோடு வடக்கே வேலைக்குப் போயிருந்தான். அவன் வந்து சேரும்வரை உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டியின் கம்ப்ரசர் ஆக்சிஜன் மெஷினைவிட மோசம். இரண்டு நாள் முழுக்க என்னால் எதையும் பிடிக்க முடியவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தது நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் தீபிகா வந்தாள். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

“பெரியப்பா, இன்வெர்ட்டர எடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க. சர்ச்சுக்குத் திருப்பிக் குடுக்கோணும்.”

“ரிப்பேர் இன்னும் முடியல கண்ணு.”

அவள் குனிந்து துணியை எடுத்துவிட்டு, பிளக்கைச் சுவரில் மாட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரியைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லாத்தானுங்க இருக்குது?”

நான் துணியை மடித்து வைத்தேன். அவள் கொண்டுவந்த நோட்டை என் மேஜையில், என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை அவள்தான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள், வேளாவேளைக்கு எழுதி வைக்கச் சொல்லி. தனியாக இருக்கும்போது அவனே எழுதியிருக்கிறான். கோணல்மாணலான எழுத்து. ‘3.45. கரண்டு இல்லை. 84.’ அடுத்த நாள், ‘3.50. கரண்டு இல்லை. 81.’ அவ்வளவு ஒழுங்காக எழுதுவான் என்று நான் நினைக்கவே இல்லை. நாற்பதடி இடைவெளியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

தீபிகா இரண்டு நோட்டிலும் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாக இறங்கினாள்.

“அப்பா கரண்டு இல்லைன்னு எழுதுன அன்னிக்கெல்லாம் நீங்க இரைச்சல் இல்லைன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா கண்ணு.”

“அப்பா போனதுக்கு மறுநா தேதியும் போட்டிருக்குதுங்க. மூணு இருபத்தெட்டு ஆஃப், நாலு பன்னண்டு ஆன். அன்னிக்குக் கரண்டு போகுமுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?”

நான் எழுந்து காபி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. வெளிச்சம் போதாது என்று ஜன்னல் கதவைக்கூடத் திறந்துவிட்டேன். காபியை அவள் தொடவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி, “எங்கப்பா உங்களச் சாமி மாதிரி சொல்லுவாருங்க” என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டு நேர்த்தியாக இருந்ததால்தான் அவளால் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்தது. நல்ல நர்ஸாக வருவாள்.

நேற்று ரைட்டரிடம் சொல்லாத இரண்டு விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. அவர் களைத்திருந்தார்.

ஒன்று. அந்த வியாழக்கிழமை காலையிலேயே சிலிண்டர் காலி என்று எனக்குத் தெரியும். புஷ்பலதா வேலைக்குப் போகும் வழியில் நின்று சொன்னாள். “சிலிண்டரு தீந்துபோச்சுங்கண்ணா, நாளைக்கு வெங்கடேசண்ணன் ஜீப்புல ஏத்திட்டு வருதுங்க. இன்னிக்கு ஒருநா கொஞ்சம் பாத்துக்கங்க.” பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உண்மையில் அன்று ரேடியோவைத் தொடக்கூடாது என்றுதான் இருந்தேன், நோட்டில் போட்டிருந்த நேரத்தை அடித்துக்கூட விட்டேன். மூன்று மணிக்குச் சும்மா போட்டுப் பார்த்தபோது, அறிக்கைக்கு முன்பே ஓடத் தொடங்கும் அந்தச் சிக்னல் மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. ஒன்பது வருஷத்தில் அவ்வளவு பலமாக அது வந்ததில்லை. அப்படி ஒரு நாள் மறுபடி வரும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? அடித்ததற்குப் பக்கத்தில் நேரத்தை மறுபடி எழுதினேன்.

இரண்டாவது, கை. மூன்று ஐம்பதுக்குப் பொன்னுவேல் வாசற்படிக்கு வந்தான். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. நாலு மணி தாண்டியதும் என் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினான். வணக்கம் வைக்கிறான் என்று நினைத்தேன், நானும் கையைத் தூக்கினேன் என்று ரைட்டரிடம் சொன்னேன். அது எழுதப்பட்டிருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள். வணக்கம் வைத்தவன் கையை இறக்கிவிடுவான். அவன் இறக்கவில்லை. விரல்கள் பெட்டி இருந்த சுவர்ப் பக்கம் காட்டின. அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்ததா, இல்லை, முன்பே புரிந்து பேசாமல் இருந்தானா என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நாற்பதடி. திரையில் கடைசிக் கடல் பகுதி வந்துகொண்டிருந்தது, அதுவரை ஓர் எழுத்து தவறவில்லை. இன்னும் மூன்றே வரி. மெயினைப் போட்டால் மூன்றும் எண்களாகிவிடும். ஜன்னல் பக்கம் கவனம் சிதறாமல் இருக்கக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தேன்.

காற்று மெலிதாக வீசும். பார்வைத் தூரம் நன்று. எச்சரிக்கை எதுவும் இல்லை. இந்த மூன்று வரிதான்.

நாலு பன்னிரண்டுக்கு மெயினைப் போட்டேன். அவனைக் கடந்துதான் திரும்பினேன், நான் பார்த்தபோது கை இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து பிரிண்ட் எடுத்து, வரி வரியாக இரண்டு முறை சரிபார்த்தேன். ஐந்து மணி ஆகிவிட்டது.

அந்தத் தாளைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஓரத்தில் துளை போட்டுத்தான் கேஸ் கட்டோடு சேர்ப்போம் என்று ரைட்டர் சொன்னார். இடது ஓரம்வரை எழுத்து இருக்கிறது, மேடம். கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.